டவர்ல இருந்து சின்ன ஸ்பீக்கருக்கு: இப்ப செட்டப் எந்த நிலைமைல இருக்கு

முதல்ல இருந்தது ஒரு புக்‌ஷெல்ஃப் ஜோடி (சின்ன ஸ்பீக்கர்), அப்புறம் டவர் (தரைல நிக்கிற உயரமான ஸ்பீக்கர்), இப்ப மறுபடியும் சின்ன சீல்டு பாக்ஸ் (ஓட்டையே இல்லாம மூடின பெட்டி), கூட ஒரு சப்வூஃபர் (அடி சத்தமான பேஸுக்கு மட்டும் தனி ஸ்பீக்கர்). டவர கொடுத்துட்டு யாராவது சின்னதுக்கு போவாங்களான்னு கேக்குறாங்க, என் ரூமுக்கு இதுதான் செட் ஆச்சு.

டவர் நல்ல ஸ்பீக்கர்தான், அதுல சந்தேகமே இல்ல. சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் வருதுங்குற அளவு, 90 டிபி, பழைய ஜோடிக்கு 86, 4 டிபி வித்தியாசம்னா கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு பவர் உள்ள ஆம்ப் போட்ட மாதிரி கணக்கு. ஆனா பேஸ் கிட்டார் கீழ் இ நோட்டுக்கு வந்தா மட்டும் ரூமே குமுறும், ரெண்டு மூணு நோட்டு மேல போனதும் அடங்கிடும். ரூம் நீளம் 4 மீட்டர், சத்தத்தோட வேகம் செகண்டுக்கு 343 மீட்டர், நீளத்தோட ரெண்டு மடங்கால, அதாவது 8ஆல வகுத்தா 43 ஹெர்ட்ஸ் வரும், அந்த நீளத்துக்கு ரூம் தானா அதிர்ற இடம் அது, அந்த இ நோட்டு 41. ரூம் எங்க தூக்கிக் கொடுக்குதோ சரியா அங்கயே போய் விழுது. நாற்காலிய பின் சுவத்துல இருந்து முன்னாடி இழுத்தேன், டவரோட போர்ட்ல (பேஸுக்காக பெட்டில விட்ட காத்து ஓட்டை) ஃபோம் அடைச்சேன், கொஞ்சம் குறைஞ்சுது. குரல் நடுவுல தெளிவா நிக்கணும்னா டவர் ஒரு இடத்துல இருக்கணும், பேஸ் சமமா வரணும்னா வேற இடத்துல இருக்கணும், ஒரே பெட்டிக்குள்ள ரெண்டும் இருந்தா எத விட்டுக்கொடுக்குறது?

அதனாலதான் பேஸ மட்டும் தனியா சப்புக்கு பிரிச்சேன். போர்ட் வெச்ச பாக்ஸ்ல ட்யூனிங்குக்கு (போர்ட் அதிர்ற ஹெர்ட்ஸ்) கீழ ஆக்டேவுக்கு, அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகுற ஒவ்வொரு தடவையும், 24 டிபி வேகத்துல பேஸ் விழும், சீல்டுல 12தான், மெதுவா இறங்குறதால சப்போட சேக்க ஈஸி. 80 ஹெர்ட்ஸ்ல பிரிச்சிருக்கேன், கீழ சப், மேல சீல்டு ஜோடி. சப்ப நான் உக்கார்ற இடத்துல வெச்சு பேஸ் பாட்டு ஓட விட்டு தரையோட தரையா தவழ்ந்து கேட்டேன், எங்க எல்லா நோட்டும் ஒரே அளவா கேட்டுச்சோ அங்க சப் போச்சு. கிட்டார் லைன் இப்ப நோட்டு நோட்டா பிரியுது!

சீல்டு ஜோடி செகண்ட் ஹேண்ட், வூஃபர (பெட்டில இருக்குற பெரிய கோன் யூனிட்) சுத்தி இருந்த ஃபோம் தொட்டாலே பிசுபிசுன்னு உதிர்ற நிலைமை. கோனும் அத ஆட்டுற காயிலும் நல்லா இருந்துச்சு, அதனால ஃபோம் மட்டும் மாத்துனா போதும். பழைய பசைய பொறுமையா சுரண்டி எடுக்கணும், இந்த வேலைல பாதி நேரம் அதுக்கே போகுது. புது ஃபோம ஒட்டிட்டு பசை காயுறதுக்குள்ள ரெண்டு பக்கமும் விரல வெச்சு கோன லேசா அமுக்கி விட்டு காத கிட்ட வெச்சு கேக்கணும், சர்ருன்னு உரசுனா காயில் நடுவுல இல்லன்னு அர்த்தம், நகத்தி மறுபடி அமுக்கணும். சத்தமே இல்லாம போய் வந்தா அப்படியே காய விட்டுடணும். கிராஸ்ஓவர்ல (சத்தத்த வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரிச்சு அனுப்புற சர்க்யூட்) இருந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரயும் அதே மதிப்புல மாத்தினேன், ட்வீட்டர் (கீச்சு சத்தம் தர்ற சின்ன யூனிட்) முன்னவிட தெளிவு.

இன்னும் ஸ்டாண்ட் வேலை பாக்கி, ட்வீட்டர் காது உயரத்துக்கு வரல, உயரமான ஸ்டாண்ட் வந்ததும் உள்ள மணல் ரொப்பிட்டு டோ-இன், அதாவது ஸ்பீக்கர எவ்வளவு உள்பக்கமா திருப்புறதுன்னு, மறுபடி பாக்கணும்.