இரண்டு சாட்சி

அக்டோபர் 9
ஜெர்மனியில் இருக்கும் கணவரிடம் போக விசா கேட்டிருந்தேன், தூதரகத்திலிருந்து மெயில் வந்துவிட்டது. திருமணச் சான்றிதழ் சரி, இவருடைய ப்ளூ கார்டு (அங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதி) நகல் சரி. கூடுதலாக என் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். கொடுத்த பட்டியலில் அது இல்லவே இல்லை. பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 10
சான்றிதழ் இருக்கிறது. அதில் அம்மா பெயர் பாப்பாத்தி.

அக்டோபர் 13
என் பாஸ்போர்ட்டில் அம்மா பெயர் சரஸ்வதி. அம்மாவின் ஆதார், ரேஷன் கார்டு, எல்லாவற்றிலும் சரஸ்வதிதான். தாத்தா 1994இல் வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிப் பதிந்துவிட்டு வந்திருக்கிறார். நகராட்சியில் விசாரித்தேன். பழைய பதிவை அழிக்க மாட்டார்கள். 1969ஆம் வருடப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி ஓரத்தில்தான் திருத்தம் எழுதுவார்கள். அதற்கு அம்மா உறுதிமொழி எழுதித் தரவேண்டும், கூடவே விவரம் தெரிந்த, நம்பத்தகுந்த இரண்டு பேரும். நான் பிறந்த விவரம் யாருக்குத் தெரியும்? தாத்தா பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெரிய மாமா இருக்கிறார். தோட்டத்தைப் பிரித்த பிறகு எங்கள் வாசலை மிதிப்பதில்லை.

அக்டோபர் 14
எதிர்வீட்டு அண்ணன்: "அப்போஸ்தில் போட்டா முடிஞ்சுது, எனக்கு ஆள் தெரியும்மா." அப்போஸ்தில் என்பது வெளிநாட்டில் காட்டுவதற்காகச் சான்றிதழில் அரசு போடும் முத்திரை. இந்தியாவில் போடுவது ஜெர்மனியில் செல்லாது, தூதரகமே வக்கீல் வைத்து விசாரித்துத்தான் ஏற்பார்கள் என்றேன். எனக்கே சொல்றியா என்கிறார்.

அக்டோபர் 20
தீபாவளி. ஸ்டுட்கார்ட்டில் லீவு இல்லை, இவர் ஆபீஸிலிருந்தே பேசினார். அம்மா நடுவில் வந்து "எல்லாம் என்னாலதான்" என்று ஆரம்பித்தாள். எரிச்சலாக வந்தது. பெயரைப் பதிந்தது இவளா?

அக்டோபர் 26
அங்கே குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிட்டார்கள். இன்று முதல் நாலரை மணி நேர வித்தியாசம்.

அக்டோபர் 27
தூக்கம் வரவில்லை. திருத்தமே கிடைத்தாலும், அந்த வக்கீல் தெருவுக்கு வந்து "சரஸ்வதி வீடு எது?" என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பாப்பாத்தியக்கா வீடு என்றால் டீக்கடைப் பையன்கூடக் கையைப் பிடித்துக் கூட்டிவருவான். காலையில் இவரிடம் சொன்னேன். சிரிக்கிறார். சிரிக்க என்ன இருக்கிறது?

அக்டோபர் 30
செல்வி சித்தி கையெழுத்துப் போடுகிறாராம்! அம்மாவுக்குப் பிரசவம் ஆனபோது ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோனவரே அவர்தான். இன்னும் ஒருவர்.

நவம்பர் 3
அம்மா காலையிலேயே கிளம்பிவிட்டாள். மாமா ஊருக்குத்தான் போயிருக்கிறாளாம், சித்தி சொல்லித்தான் தெரியும். போன் எடுக்கவில்லை.