இரண்டு வாசல் கூடாரம்

பரணை ஒழித்தபோது அப்பாவின் தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே கம்பளிக் கையுறை ஒன்று, ஜோடி இல்லாமல். கொரியாவில் போட்டுக்கொண்டது.

அப்பா அங்கே சண்டைக்குப் போகவில்லை. 1953 ஜூலையில் போர்நிறுத்தம் ஆனது. பிடிபட்டவர்களில் பலர் சொந்த நாட்டுக்குத் திரும்ப மறுத்தார்கள். அவர்களை நடுநிலையாகக் காவல் காக்கப் போன இந்தியப் படையில் அவர் மருத்துவப் பிரிவுச் சிப்பாய். தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ, இந்தியர் கால் என் மண்ணில் படக்கூடாது என்றுவிட்டார். அதனால் இன்சோன் துறைமுகத்தில் இருந்து ஹெலிகாப்டரில் தூக்கிப்போய், இரு ராணுவங்களுக்கும் நடுவே இருந்த சூனியப் பகுதியில் இறக்கினார்கள். எங்கள் ஊர் ஆள் முதன்முதலில் வானத்தில் பறந்தது அப்படித்தான்!

தென்கொரியாவுக்காகச் சண்டை போட்ட ஐ.நா. தரப்பு ஒப்படைத்த கைதிகள் 22,600-க்கு மேல். எதிர்த் தரப்பான வடகொரியா, சீனாவிடமிருந்து வந்தவர்கள் 359 பேர். அப்பா திரும்பத் திரும்பச் சொன்னது ஒரு கூடாரத்தைப் பற்றி. கைதியை உள்ளே அழைத்து வருவார்கள். அவன் நாட்டு அதிகாரி "வீட்டுக்கு வா" என்று பேசுவார். பேசி முடிந்ததும் இரண்டு வாசல். ஒன்றில் போனால் ஊர், மற்றதில் போனால் மறுபடி முகாம். உள்ளே வரவே மாட்டேன் என்று கத்தியவர்கள், நாற்காலியைத் தூக்கி அடித்தவர்கள் எல்லாம் உண்டாம். காயத்துக்குக் கட்டுப் போடுவது அப்பா வேலை. அதற்கும் திட்டு.

ஒருமுறை கைதிகள் ஒரு மேஜரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். படைத்தலைவர் தோரட் தானே உள்ளே போய், விருந்தாளிக்கு டீ கூடக் கிடையாதா என்று கேட்டு இளக்கி, மேஜரை மீட்டு வந்தாராம். இதைச் சொல்லும்போது அப்பாவுக்குக் குஷி பிறந்துவிடும். அக்டோபர் தொடக்கத்தில் நம் காவலர்கள் சுட்டதில் கைதிகள் சிலர் இறந்ததை மட்டும் அவர் சொன்னதே இல்லை. பிற்பாடு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அதன்பிறகு அந்த டீக் கதையைக் கேட்கும்போது என்னால் பழைய மாதிரி சிரிக்க முடியவில்லை.

இரண்டு கொரியாவும் வேண்டாம், சீனாவும் வேண்டாம், தைவானும் வேண்டாம் என்ற 88 பேர் 1954 பிப்ரவரியில் நம் படையோடு கப்பலேறி மெட்ராஸ் வந்தார்கள். அப்பாவும் அதே கப்பல்தான். கிளம்பிய அன்று மேல்தளத்தில் ஒருவன், நீங்கள் போகிற ஊர் குளிருமா என்று சைகையில் கேட்டானாம்.

அப்பா ஒரு கையுறையைக் கழற்றிக் கடலில் போட்டாராம்.