டாப் ஸ்டேஷனில் ரயிலைத் தேடி

மூணாறிலிருந்து காலைப் பேருந்தில் டாப் ஸ்டேஷனுக்குச் சென்றுகொண்டிருந்தபோது, அருகில் அமர்ந்திருந்த அம்மா, "வியூ பாக்கவா தம்பி?" என்று கேட்டார். ஊரின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஸ்டேஷன்' என்ற சொல்லைத் தேடித்தான் போகிறேன் என்றேன். "ஆமா, ரயில் ஓடுச்சுன்னு எங்க மாமனாரு சொல்லுவாரு" என்றார் அவர்.

ரயில் ஓடியது உண்மை. 1902இல் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளம் ஒன்று போடப்பட்டது. வண்டியின் பெரும்பாரம் அந்தத் தண்டவாளத்தில் உருளும் சிறிய சக்கரங்களின் மேல் இருக்க, பக்கவாட்டில் தரையில் ஓடும் ஒரு பெரிய சக்கரம் வண்டி சாயாமல் தாங்கிக்கொள்ளும், இழுத்தவை மாடுகள். 1908இல் அதை அகற்றிவிட்டு, 2 அடி அகலத்தில் முறையான இருப்புப்பாதை அமைத்து நீராவி எஞ்சின்களை ஓட்டினார்கள். குண்டளை பள்ளத்தாக்கு ரயில்வே என்று அதற்குப் பெயர்.

முந்தைய நாள் மூணாற்றில் பழைய நிலையக் கட்டடத்தைப் பார்த்திருந்தேன். இப்போது அது தேயிலை நிறுவனத்தின் அலுவலகம். நல்லதண்ணி எஸ்டேட்டிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் சக்கரம் ஒன்று இருக்கிறது. யானைகள் நடமாடும் மலையில் ஓடிய எஞ்சினின் சக்கரம் இவ்வளவு சிறியதா என்று வியந்து, அதன் அருகிலேயே வெகுநேரம் நின்றேன்.

மாட்டுப்பெட்டி, பாலாறு, குண்டளை என்று பேருந்து கடந்த ஊர்கள் எல்லாம் அந்த ரயில் தொட்டுச் சென்றவையே. மாட்டுப்பெட்டி அணையும் குண்டளை அணையும் பிற்காலத்தில் வந்தவை என்பதால், இன்று நீர் தேங்கி நிற்கும் இடங்களில் அன்றைய பள்ளத்தாக்கை மனத்தில்தான் வரைந்துகொள்ள வேண்டும். டாப் ஸ்டேஷனில் தேநீர்க் கடைக்குப் பின்னால், துணி காயப்போடும் கயிற்றைத் தாங்கி ஓர் இரும்புக் கம்பம் நின்றிருந்தது. அடி அகன்றும் இடை ஒடுங்கியும் தலை உருண்டும் இருந்த அதன் வடிவம் கம்பத்துக்கு உரியதல்ல, தண்டவாளத்துக்கு உரியது. துருவைத் தேய்த்து எழுத்து ஏதும் தென்படுகிறதா என்று பார்த்தேன், ஒன்றும் இல்லை. "அது ரயிலுக் கம்பிதான், எங்க அப்பா காலத்துலேருந்து இங்கதான் கெடக்கு" என்றார் கடைக்காரப் பெரியவர்.

இந்தப் பாதை ஏன் கிழக்கு நோக்கி வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூணாற்றின் தேயிலை அன்று கொச்சிப் பக்கம் பார்க்கவில்லை, போடி பக்கம் பார்த்தது. ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்த பெட்டிகள் இங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து வண்டிகளில் போடிநாயக்கனூருக்குச் சென்று, தூத்துக்குடியில் கப்பல் ஏறின. கீழேயிருந்து அரிசி ஏறி வந்ததும், எஸ்டேட்டுகளுக்கு நம் மக்கள் வந்து சேர்ந்ததும் இந்தக் கிழக்கு வாசல் வழியாகத்தான். குரங்கணிக்கு இறங்கும் வழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றே ஒரு சிற்றூர் இன்றும் இருக்கிறது.

1924 ஜூலையில் பெய்த பெருமழை இவற்றையெல்லாம் முடித்துவைத்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதைத் '99 வெள்ளம்' என்கிறார்கள். தண்டவாளமும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. ரயில்பாதையை மறுபடி போடவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928இல். மலைமேல் ஒரு ரயிலும் அடிவாரத்தில் ஒரு ரயிலும் ஒரே காலத்தில் ஓடியிருந்தால் இந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணும்போது, அந்த நான்கு ஆண்டு இடைவெளி என்னை உண்மையாகவே வருத்துகிறது.

பனி விலகியபோது மலை விளிம்பில் நின்று கீழே பார்த்தேன். தேனிச் சமவெளி வெளிறிய பழுப்பு நிறத்தில் விரிந்துகிடந்தது. அகலப்பாதைப் பணிக்காகப் பல ஆண்டுகள் நின்றிருந்த போடி ரயில் 2023 ஜூனில் மீண்டும் ஓடத் தொடங்கியிருந்தது. மறுநாள் மதுரைக்கு அதில்தான் போவதாகத் திட்டம். ஆனால் இங்கிருந்து நேராகக் கீழே இறங்கச் சாலை இல்லை. மூணாற்றுக்குத் திரும்பி, போடிமெட்டு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பெரியவரிடம் இன்னொரு தேநீர் வாங்கிக்கொண்டு மதியப் பேருந்துக்குக் காத்திருந்தேன்.