பிளாக் பண்ணியும் வந்துகொண்டே இருக்கும் மெயில்

ஜிமெயிலில் 'பிளாக்' அழுத்திவிட்டால் அந்த அனுப்புநரின் தொல்லை தீர்ந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தீராது. மெயில் வந்துகொண்டுதான் இருக்கும். இன்பாக்ஸுக்கு வரவேண்டியது ஸ்பேம் பெட்டிக்குப் போய், 30 நாள் கிடந்து, பிறகு தானாக அழியும். அந்த 30 நாளும் உங்களுடைய 15 ஜிபி இடத்தில்தான் அது உட்கார்ந்திருக்கும். நீங்கள் பிளாக் செய்த விஷயம் அனுப்பியவருக்குத் தெரியவும் தெரியாது.

இன்னொரு சிக்கல், பிளாக் ஒரு முழு முகவரிக்கு மட்டும்தான் செல்லும். ஆன்லைன் கடைகளும் வேலைவாய்ப்புத் தளங்களும் ஒரே முகவரியிலிருந்து அனுப்புவதில்லை. அட் குறிக்கு முன்னால் இன்றைக்கு 'ஆஃபர்ஸ்' இருக்கும், நாளைக்கு 'நியூஸ்', அடுத்த வாரம் 'அலர்ட்ஸ்'. ஒன்றை அடைத்தால் மற்றொன்றில் வருகிறது. "பத்துத் தடவை பிளாக் பண்ணிட்டேன்" என்று சலித்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் பத்து வெவ்வேறு முகவரிகளைத்தான் பிளாக் செய்திருப்பார்கள்.

அதனால் எதையும் அழுத்துமுன் அனுப்புவது யார் என்று பார்த்துவிடுவது நல்லது. கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்து, வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளில் 'ஷோ ஒரிஜினல்' போங்கள். அனுப்புநர் முகவரி போலியா என்று சோதிக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற வரிகளில் 'பாஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் 'பாஸ்' மட்டும் போதாது. மோசடிக்காரர் தானே ஒரு டொமைன் (இணையதளப் பெயர்) வாங்கி அதில் 'பாஸ்' வாங்கிவிடலாம். அட் குறிக்குப் பின்னால் இருப்பது அந்த நிறுவனத்தின் உண்மையான டொமைன்தானா என்பதையும் எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். இரண்டும் சரியென்றால் அன்சப்ஸ்கிரைப் செய்யலாம். சந்தேகமென்றால் உள்ளே இருக்கும் எந்த இணைப்பையும் தொடாமல் 'ரிப்போர்ட் ஸ்பேம்' கொடுங்கள். அங்கே போய் அன்சப்ஸ்கிரைப் அழுத்தினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நாமே சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.

அன்சப்ஸ்கிரைப் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று, அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயிலே காட்டுவது. மற்றது, மெயிலின் அடியில் கண்ணுக்குத் தெரியாத சாம்பல் எழுத்தில். மேலே இருப்பதையே அழுத்துங்கள். 2024 முதல், ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் தங்கள் விளம்பர மெயில்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியை வைக்க வேண்டும், விலகலை இரண்டு நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று கூகுள் விதித்திருக்கிறது. அடியில் இருக்கும் இணைப்போ அவர்கள் தளத்துக்கு இழுத்துப்போய் லாகின் கேட்கும், ஏழெட்டு டிக் பெட்டிகளை நீட்டி எதிலிருந்து விலகவேண்டும் என்று விசாரிக்கும். ஒன்றை விட்டுவிட்டாலும் அந்தப் பிரிவு தொடரும். (மேல் பொத்தானும் சில நேரம் தளத்துக்கே கொண்டுபோகும், அனுப்பியவர் அந்த வசதியை வைக்கவில்லை என்று அர்த்தம்.)

விலகிய பிறகும் இரண்டு மூன்று நாள் ஏற்கனவே வரிசையில் நிற்பவை வரக்கூடும். ஒரு வாரம் கழிந்தும் வந்தால் கூச்சப்படாமல் 'ரிப்போர்ட் ஸ்பேம்' கொடுங்கள். ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. ஆகவே அந்த ஒரு சொடுக்கு, 'நோ-ரிப்ளை' முகவரிக்குக் கோபமாக எழுதும் நாலு பத்தியைவிட அவர்களுக்கு அதிகம் வலிக்கும். வங்கி, டிக்கெட், மின்கட்டணம் போன்றவற்றுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். பிறகு ஒரு நாள் ஓடிபி ஸ்பேமில் விழுந்து கிடக்கும்.

விலகவும் முடியவில்லை, முழுதாக ஒதுக்கவும் முடியவில்லை என்றால், வரும் மெயிலைத் தானாகப் பிரித்துவைக்கும் ஃபில்டர்தான். இதைக் கம்ப்யூட்டர் பிரவுசரில்தான் உருவாக்க முடியும். ஃபோன் ஆப்பில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தேடல் பெட்டியின் வலது ஓரத்துக் குறியைத் தட்டினால் கட்டங்கள் விரியும். 'ஃப்ரம்' கட்டத்தில் முழு முகவரியைப் போடாமல் டொமைனை மட்டும் எழுதுங்கள். உடனே உருவாக்கிவிடாதீர்கள். முதலில் 'சர்ச்' அழுத்தி எதெல்லாம் சிக்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் விளம்பரத்தோடு ரசீதும் ஓடிபியும் அதே டொமைனில் வந்திருக்கும். அப்படியானால் 'டஸ்நாட் ஹேவ்' கட்டத்தில் ஓடிபி, இன்வாய்ஸ், ஆர்டர் போன்ற சொற்களை மெயிலில் இருக்கிறபடியே ஆங்கிலத்தில் போட்டு, நடுவில் 'ஆர்' என்பதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். சொற்கள் முழுதாக இருக்க வேண்டும். பாதிச் சொல்லை வைத்து ஜிமெயில் தேடாது.

அடுத்த திரையில் என்ன செய்யவேண்டும் என்று கேட்கும். நேராக 'டெலீட் இட்' போடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். முதல் இரண்டு வாரம் 'ஸ்கிப் த இன்பாக்ஸ்', 'மார்க் ஆஸ் ரெட்' இரண்டையும் டிக் செய்து, ஒரு லேபிளும் ஒட்டி வையுங்கள். லேபிளைத் திறந்து பார்த்து, தேவையானது எதுவும் மாட்டவில்லை என்று தெரிந்த பிறகு அழிக்கும்படி மாற்றலாம். பழைய குப்பையும் போகவேண்டுமென்றால் அதே திரையில், பொருந்தும் பழைய மெயில்களுக்கும் ஃபில்டரைச் செலுத்தும் பெட்டியை டிக் செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டு ஃபில்டர் வேலை செய்யவில்லை என்பவர்கள் நிறைய. பிறகு மாற்றுவதற்கு, நீக்குவதற்கு எல்லாம் செட்டிங்ஸில் 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரஸஸ்' பக்கம்.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: இனிஷியல். ஒரே இனிஷியல், ஒரே பெயர் உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். யாரோ ஒருவர் வங்கிப் படிவத்தில் தன் மெயில் முகவரியின் கடைசி எண்ணை எழுத மறந்துவிடுகிறார். அவருடைய மாதக் கணக்கறிக்கை உங்களுக்கு வருகிறது. இனிஷியலுக்குப் பின் புள்ளி இருக்கிறதே, அது வேறு ஆளுடைய முகவரியாயிற்றே என்று குழம்பவேண்டாம். ஜிமெயில் புள்ளிகளைக் கணக்கில் எடுப்பதில்லை; புள்ளியோடும் புள்ளியில்லாமலும் அது உங்கள் முகவரிதான்.

இவை சேவை மெயில்கள் என்பதால் அன்சப்ஸ்கிரைப் இருக்காது. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு, தவறான மெயில் வந்த அதே கணக்கிலிருந்து எழுத வேண்டும். நான் உங்கள் வாடிக்கையாளர் இல்லை, இன்ன பெயருக்கு, இன்ன நான்கு இலக்கத்தில் முடியும் கணக்குக்கான மெயில் எனக்கு வருகிறது, இந்த முகவரியை நீக்குங்கள் என்று நாலே வரி போதும். கணக்கறிக்கையை இணைக்காதீர்கள். பதிலுக்குப் பதிவு செய்த கைபேசி எண்ணும் வாடிக்கையாளர் எண்ணும் கேட்பார்கள். அது இயந்திரப் பதில். உங்கள் விவரம் எதையும் கொடுக்காமல், வாடிக்கையாளர் இல்லை என்பதையே திரும்ப எழுதுங்கள். அசையவில்லையென்றால் அவர்கள் இணையதளத்தில் இருக்கும் குறைதீர் அதிகாரியின் முகவரிக்கு அதே மெயில் தொடரை அனுப்புங்கள்.

செய்யவே கூடாதது ஒன்று: 'ஃபர்காட் பாஸ்வேர்டு' கொடுத்து அந்த ஆளின் கணக்குக்குள் போய் முகவரியை நாமே மாற்றுவது. எளிதாக முடியும், நல்லெண்ணம்தான் என்றாலும் அது அடுத்தவர் கணக்குக்குள் அனுமதியின்றி நுழைவது.

1909 என்ற எண்ணில், விளம்பரத் தொல்லை வேண்டாம் என்கிற டிஎன்டி பதிவு செய்தால் மெயிலும் நிற்குமா என்று கேட்பவர்களுக்கு: அது அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும்.

அனுப்புவது நிறுவனமாக இல்லாமல் ஒரு தனி ஆள் விடாமல் எழுதித் துன்புறுத்துகிறார் என்றால், மேலே சொன்னதில் பாதியைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பிளாக் செய்யாதீர்கள், 30 நாளில் சாட்சியம் அழிந்துவிடும். 'தொடர்பு கொள்ள வேண்டாம்' என்று ஒரே ஒருமுறை தெளிவாகப் பதில் எழுதிவிட்டு, பிறகு எதற்கும் பதில் போடாதீர்கள். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணை ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவின்கீழ் குற்றம். அந்த ஒரு பதில் இங்கே உதவும். வருபவை இன்பாக்ஸைத் தாண்டி ஒரு லேபிளில் சேரும்படி ஃபில்டர் போட்டுவிட்டால் தினமும் கண்ணில் படாது, அழியவும் செய்யாது. புகாருக்கு ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அதில் மெயில் வந்த வழி இருக்காது. 'ஷோ ஒரிஜினல்' பக்கத்திலேயே 'டவுன்லோட் ஒரிஜினல்' இருக்கிறது. ஒவ்வொரு மெயிலையும் அப்படி இறக்கி, தேதியைக் கோப்பின் பெயராக வைத்து, ஒரு பென்டிரைவிலும் நகல் எடுத்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ கொடுங்கள். புகார் எண் கைக்கு வந்த பிறகும் அந்த லேபிளைக் காலி செய்ய வேண்டாம். மூல மெயில் கணக்கிலேயே இருக்கிறதா என்று விசாரணையில் கேட்கக்கூடும்.