5 சென்டிமீட்டர், 90 நாள், ஒரு படிவம்

இஸ்தான்புல் விமான நிலையத்தில் என்னைத் திருப்பி அனுப்பியபோது நான் துருக்கியில் இறங்கி 87ஆம் நாள். மலேசியக் கடப்பிதழுக்கு அங்கே விசா வேண்டாம், 180 நாளுக்குள் 90 நாள் இருந்துகொள்ளலாம். ஆக, மிச்சம் மூன்றே நாள். இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே எலும்பை அறுத்து, உள்ளே கம்பி செருகி, 5 சென்டிமீட்டர் இழுத்துவிட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கவுன்டர் பெண்ணிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். உயரம் கூட்டும் ஆபரேஷனைப் பற்றி எழுது எழுது என்று நச்சரித்த நண்பர்கள் மன்னிக்கவும். எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கவுன்டர்தான்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தூங்கினேன், விழித்தேன், வலித்தது. காலைச் சுற்றி வளையச் சட்டம், எலும்புக்குள் ஒரு கம்பி. ஒரு வாரம் சும்மா விடுவார்கள். அதன்பிறகு ஒரு நாளைக்கு நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மில்லிமீட்டர், நாமே சின்ன ஸ்பேனரால் திருகிக்கொள்ள வேண்டும். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் சைபீரியாவில் குர்கான் என்ற ஊரில் இருந்த இலிசரோவ் என்ற சோவியத் டாக்டர். முறிந்த எலும்பு கூடாமல் கிடந்தவர்களுக்காக 1950களில் தொடங்கிய வேலை அது. நான் அதைத் தேடிப் போனது, கல்யாண போட்டோவில் எப்போதும் முன்வரிசையில் நிறுத்துகிறார்களே என்ற கடுப்பில். ஆறு வருடச் சேமிப்பு, 2024 மே மாதம் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) திறந்துவிட்ட பிளெக்சிபல் கணக்கில் கிடந்த பணம், எல்லாம் அதில்தான் போனது. அழகுக்காகச் செய்வதற்குக் காப்புறுதி மெடிக்கல் கார்டு ஒரு சென்கூடத் தராது.

நான்காம் நாள் ஆபரேஷன். 11ஆம் நாள் திருகத் தொடங்கினால் 61ஆம் நாள் 5 சென்டிமீட்டர். ஒரு வாரத்தில் வளையத்தைக் கழற்றிவிடுவார்கள், 77ஆம் நாள் விமானம். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. தாளில் எவ்வளவு அழகாக இருந்தது!

எலும்பு சொன்னபடி கேட்டது. தசைநார் கேட்கவில்லை. 2 சென்டிமீட்டர் தாண்டுவதற்குள் குதிகால் தரையில் படவே இல்லை, பாதம் நுனிக்காலில் நிற்கிற மாதிரி கீழ்நோக்கி இழுத்துக்கொண்டது. என் தப்பும் உண்டு. வலி பொறுக்காமல் நான்கு நாள் பிசியோவை ஏமாற்றினேன். “கொஞ்சம் கிறுகிறுப்பு” என்று கைச்சாடையால் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அதற்கு விலை: டாக்டர் நாளுக்கு மூன்று திருகாகக் குறைத்துவிட்டார். மிச்சம் 3 சென்டிமீட்டருக்கு 30 நாள் போதுமென்றது 40 நாளாயிற்று. பத்து நாள் அப்படியே போனது. டிக்கெட்டை 87ஆம் நாளுக்கு மாற்றினேன். போகிறவர்கள் கடப்பிதழ் கணக்கில் பத்து நாளாவது மிச்சம் வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். என்னிடம் மிச்சம் இருந்தது மூன்று.

தனியாக இருப்பது பற்றி. வாக்கரைப் பிடித்தால் இரண்டு கையும் போச்சு. ஒரு கப் தேநீரை அடுப்படியிலிருந்து கட்டிலுக்குக் கொண்டுவர முடியாது. முதல் மூன்று நாள் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றபடி, கை நடுங்க நடுங்க குடித்தேன். அப்புறம்தான் புத்தி வந்தது: மூடி போட்ட பிளாஸ்க், வாக்கரில் தொங்கவிட்ட துணிப்பை. அந்தப் பையில் போன், சாவி, ரொட்டி, ஸ்பேனர் எல்லாம். எழுந்தால் எல்லாமே என்னோடு எழுந்துவிடும். இன்னொன்று, வீடு பிடிக்கும்போது குளியலறைக் கதவின் அகலத்தைக் கேட்டு வாங்குங்கள். எனக்கு வந்த சக்கர நாற்காலி அந்தக் கதவுக்குள் நுழையவில்லை. கேட்டதற்கு, எனக்கு அங்கே எல்லா ஏற்பாடும் செய்த ஒருங்கிணைப்பாளர் ஒரு சிரிப்புப் படம் அனுப்பினார்.

அம்மாவுக்குத் தெரியாது. பினாங்கு பிறையில் இருக்கிற அம்மாவிடம் ஜோகூரில் மூன்று மாத வேலை என்று சொல்லியிருந்தேன். அங்கே ராத்திரி ஒன்பது மணி என்றால் எனக்கு மாலை நான்கு, ஜன்னலில் வெயில். வீடியோ கால் வந்தால் முதலில் திரைச்சீலையை இழுக்க வேண்டும், வாக்கரோடு ஏழெட்டு அடி. பள்ளிவாசல் பாங்கு கேட்டால் பயமில்லை, நம் ஊரிலும் கேட்பதுதான். ஸ்வெட்டரால்தான் மாட்டிக்கொண்டேன். “ஜோகூர்ல என்னாடா குளுரு?” ஆபீஸ் வாடகைக்கு எடுத்த வீடு, ஏர்கோனை அணைக்க முடியவில்லை என்றேன். “அப்ப ரெண்டு போர்வ போத்திக்க” என்றாள். போனை வைத்துவிட்டு அழுதேன். அன்று வலிக்குப் போட்ட மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

78ஆம் நாள் வளையத்தைக் கழற்றினார்கள். இனி சுகம் என்று நினைத்தேன்.

விமானத்துக்கு என்ன காகிதம் வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளரிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் “டாக்டர் கடிதம் போதும்”. கவுன்டரில் அந்தக் கடிதத்தை ஒரு பார்வை பார்த்து மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். விமான நிறுவனத்துக்கென்று தனி மருத்துவப் படிவம் இருக்கிறது. அதைச் சிகிச்சை பார்த்த டாக்டர் நிரப்பி, முன்கூட்டியே அனுப்பி, அவர்களுடைய மருத்துவப் பிரிவு சரி சொல்ல வேண்டும். அதுவும் போகட்டும், சக்கர நாற்காலியிலேயே மூன்று ரகம் என்று அன்றுதான் தெரிந்தது. படி ஏறக் கூடியவருக்கு ஆர், படி ஏற முடியாதவருக்கு எஸ், இருக்கைவரை கொண்டுபோய் உட்கார்த்த வேண்டியவருக்கு சி. எனக்குப் போட்டிருந்தது ஆர்! எனக்காகப் பதிவு செய்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டுச் சாவியைக் காலையிலேயே கொடுத்தாயிற்று. ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பிய வாட்சப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் இல்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கிடைத்த ஓட்டலில் குளிக்க ஆழமான தொட்டி மட்டும்தான். காலைத் தூக்கி அதற்குள் வைக்க முடியாதவன் ஈரத் துண்டால் துடைத்துக்கொண்டு படுத்தேன். மறுநாள் டாக்சி பிடித்து நேரே மருத்துவமனைக்கே போய் டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஆபரேஷனில் இருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். தலையை மட்டும் ஆட்டினேன், நகரவில்லை. சக்கர நாற்காலியில் இருக்கிறவனைக் கையைப் பிடித்து வெளியே தள்ள யாருக்கும் மனசு வராது, அந்த ஒரு சௌகரியம் உண்டு. மாலை நான்கு மணிக்கு அவர் வந்தார், இரண்டு நிமிடத்தில் நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். மொத்தம் இரண்டு நிமிடம்! மறுநாள் மதியம் சரி என்று மின்னஞ்சல். 89ஆம் நாள் இரவு ஏறினேன். குடிநுழைவு அதிகாரி முத்திரைத் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் தேதியைப் பார்த்தார். இரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசிகளைக் கைப்பையில் வைத்து, அதற்கும் தனியாகக் கடிதம் வாங்கியிருந்தேன். அதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கோலாலம்பூர் செந்தூலில் என் வீடு நான்காவது மாடி. வந்து இறங்கினால் மின்தூக்கிக் கதவில் ‘ரோசாக்’, அதாவது பழுது, என்று அட்டை. கீழே மாமாக் கடை என்கிற முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மூன்று மணி நேரம், பாலில்லாத தேநீர் ‘தே ஓ’ நான்கு. பழுது பார்க்கிறவர் வருகிற மாதிரி தெரியவில்லை. கடைசியில் படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்னாலேயே ஏறினேன். வாக்கரையும் பெட்டியையும் காவல்காரத் தம்பி ஒருவர் தூக்கி வந்தார், பங்களாதேஷ்காரர். வழியில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மேலே போனால் அடுத்த கூத்து. எங்கள் பிளாட்டில் குந்தி உட்காரும் கழிவறை. குந்துவதற்குக் கணுக்கால் மேல்நோக்கி மடங்க வேண்டும், முழங்காலுக்குக் கீழே நீட்டினால் முதலில் போவது அதுதான். மூன்று மாதம் எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. அன்றிரவே கிராப் செயலியில் ஒரு கொமோட் நாற்காலி வரவழைத்தேன். இந்த முழுக் கதையிலும் நான் செலவழித்ததில் உருப்படியான காசு அந்த நாற்காலிக்குக் கொடுத்ததுதான்.

பிறகு டாக்டர் தேடல். புதிய எலும்பு கெட்டிப்பட மாதங்கள் ஆகும், எக்ஸ்ரே தொடர்ந்து பார்க்க வேண்டும். முதல் தனியார் மருத்துவமனையில் பதிவுக் கவுன்டர் அக்கா, “மோட்டார் ஆக்சிடென்டா தம்பி?” என்றார். ஆமாம் என்று தொலைத்துவிட்டேன். சொல்லாதீர்கள். இரண்டு காலிலும் ஒரே உயரத்தில், ஒரே மாதிரி அறுத்த எலும்பைப் பார்த்துவிட்டு, எந்த மோட்டார் அப்படி மோதும் என்று டாக்டர் கேட்டார். “செய்தவரிடமே போங்கள்.” இரண்டாவது இடத்திலும் அதே பதில். மூன்றாமவர் உண்மையைக் கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார், ஆனால் ஆபரேஷன் குறிப்பு முழுக்கத் துருக்கி மொழி. கம்பி எந்தக் கம்பெனி, என்ன அளவு, எந்த வகை திருகாணி, ஒன்றும் புரியவில்லை. நாளைக்குக் கம்பியை எடுக்கப்போகிறவருக்கு அதுதான் முக்கியமாம். கம்பிப் பெட்டியில் வருகிற ஸ்டிக்கரின் நகலையும் ஆங்கிலக் குறிப்பையும் கையில் வாங்காமல் அந்த ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள். எனக்கு அவை வந்து சேர ஏழு வாரம், பதினாறு மின்னஞ்சல்.

இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறேன். எல்ஆர்டி ரயில் நிலையப் படியில் இறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன். அம்மா தீபாவளிக்குப் பார்த்ததும் சொன்னது, “என்னாடா இப்படி எளைச்சிட்ட.” அவ்வளவுதான்.

போன மாதம் கடப்பிதழைப் புதுப்பிக்கப் போனேன். நம் கடப்பிதழில் உயரம் போடுவார்கள். பழையதில் 160. படிவத்தில் 165 என்று பெரிதாக எழுதி, கவுன்டரில் அந்தக் கட்டத்தை விரலால் வேறு காட்டினேன். எழுதுகிற அம்மையார் “ஓகே, ஓகே” என்று திரையைப் பார்த்தபடியே தட்டினார். மதியத்துக்குள் புதுக் கடப்பிதழ் கையில். கீழே மாமாக் கடையில் உட்கார்ந்து திறந்து பார்த்தேன். 160. மேலே திரும்பிப் போக மறுபடி எண் எடுக்க வேண்டும், எனக்கு முன்னால் எழுபது பேர். தே தாரேக்கைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.