சிகாகோ குளிரும் வைட்டமின் டி எண்ணும்

போன பிப்ரவரியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு வைட்டமின் டி 11 என்று வந்தது. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமாவது வேண்டும் என்றுதான் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். அலுவலகத்தில் என்னோடு மதியம் சாப்பிட உட்காரும் இருவரும் அதே மாதம் டெஸ்ட் எடுத்திருந்தார்கள். கறுப்பின நண்பருக்கு 14, வெள்ளைக்கார நண்பருக்கு 27. மூவருக்கும் நாற்பதைத் தாண்டிய வயது, ஒரே கட்டடம், ஒரே குளிர். சரி, எல்லாம் தோல் நிறம்தான் என்று முடிவு கட்டிவிட்டோம்.

அது பாதிதான் உண்மை. வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் பட்டால்தான் தோலில் இந்த வைட்டமின் உருவாகும். கறுத்த தோலில் நிறைய இருக்கும் மெலனின் என்ற நிறமி அந்தக் கதிரை முன்னாடியே உறிஞ்சிக்கொள்வதால், நானும் கறுப்பின நண்பரும் அதிக நேரம் வெயிலில் நிற்க வேண்டும். ஆனால் 1988-ல் வெளியான ஓர் ஆய்வு, பாஸ்டனில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அடிக்கும் வெயிலில் தோல் இதைத் தயாரிப்பதே இல்லை என்று காட்டியது. சிகாகோவும் கிட்டத்தட்ட அதே 42 டிகிரி அட்சரேகைதான். அந்த மாதங்களில் வெள்ளைத் தோலுக்கும் ஒன்றும் கிடைக்காது என்றால் அந்த 27 எங்கிருந்து வந்தது?

கேட்டுப் பார்த்தேன். தினமும் இரண்டு டம்ளர் பால் (இங்கே பாலில் வைட்டமின் டி சேர்த்துத்தான் விற்கிறார்கள்), ஒரு மல்டிவைட்டமின் மாத்திரை, டிசம்பரில் ஒரு வாரம் ஃப்ளோரிடா. கறுப்பின நண்பருக்கோ பால் குடித்தால் வயிறு உப்பிவிடும். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதது அவர்களிடமும் நம்மவர்களிடமும் பரவலாக உண்டு. நான் சைவம், மீன் கிடையாது. எடையும் 92 கிலோ, இது கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் உடம்பு பெருக்கப் பெருக்க ரத்தத்தில் குறைவாகவே தெரியும்.

என்னை உறுத்துவது இன்னொரு விஷயம். அமெரிக்கக் கறுப்பின ஆண்களுக்கு இந்த எண் குறைவு, ஆனால் எலும்பு அடர்த்தி சராசரியில் வெள்ளையரைவிட அதிகம், எலும்பு முறிவும் குறைவு. 2013-ல் பால்டிமோர் மக்களிடம் நடந்த ஆய்வு, வைட்டமினைச் சுமக்கும் புரதம் அவர்களுக்குக் குறைவு, அதனால் உடம்புக்குப் பயன்படும் அளவு இரு தரப்புக்கும் சமம்தான் என்றது. அப்புறம் வேறு முறையில் அளந்தபோது புரத அளவில் பெரிய வித்தியாசமே இல்லை. முதலில் பயன்படுத்திய சோதனை முறைதான் கறுப்பினத்தவரிடம் அதிகம் காணப்படும் புரத வகையைக் குறைத்துக் காட்டியிருக்கிறது! புதிர் அப்படியே நிற்கிறது. அப்படியிருக்க எல்லோருக்கும் ஒரே கோட்டைப் போட்டு, என் நண்பரை ஒரு 14-ஐக் காட்டி பயமுறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க எண்டோகிரைன் சங்கமே 2024-ல், ஆரோக்கியமானவர்களுக்கு இந்த டெஸ்டை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

அம்மா போனில் "காலைல ஆறு மணி வெயில்ல நில்லுப்பா" என்கிறார். அந்தச் சாய்ந்த வெயிலில் புற ஊதா பி அநேகமாக இருக்காது. நம் நிழல் நம்மைவிட நீளமாக விழுந்தால் பெரிதாகப் பலன் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

டாக்டர் சொன்ன மாத்திரையை எடுத்துக்கொள்கிறேன். மே மாதம் வந்ததும் மூவரும் மதியச் சாப்பாட்டை வெளியே பெஞ்சுக்கு மாற்றிக்கொண்டோம். ஒரு மணிக்கு எழுந்து நின்றால் நிழல் என் உயரத்தில் பாதிகூட இல்லை. கால் மணி நேரத்தில் வெள்ளைக்கார நண்பருக்குக் கழுத்து சிவக்கத் தொடங்கிவிடும், மரத்தடிக்குப் போய்விடுவார். நாங்கள் இருவரும் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்போம்.