“பார்க்கிறது ஆர்?” – ஹோவார்ட் ஃபாஸ்ட்டை நாங்கள் படித்த முறை

ரோமை எதிர்த்து எழுந்த அடிமைகளின் தலைவன் ஸ்பார்ட்டகஸ். அந்தப் பெயரைக் கேட்டதும் எங்கள் வயதுக்காரருக்கு 1960இல் வந்த படம்தான் நினைவுக்கு வரும். சிறைபிடிபட்ட அடிமைகள் ஒவ்வொருவராக எழுந்து “நானே ஸ்பார்ட்டகஸ்” என்று குரல் கொடுக்கும் கட்டத்தை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். படத்துக்கு மூலமான, அமெரிக்க எழுத்தாளர் ஹோவார்ட் ஃபாஸ்ட் எழுதிய நாவலில் அந்தக் கட்டம் கிடையாது. படத்தின் முடிவில் சிலுவையில் தொங்குபவன் நாவலில் கடைசிச் சமரில் வெட்டுண்டு சாகிறான், உடலும் அகப்படவில்லை. பண்டைய வரலாற்றாசிரியர் அப்பியனும் உடல் கிடைக்கவில்லை என்றே எழுதிவைத்தார். இந்த இடத்தில் வரலாற்றுக்குக் கிட்ட நிற்பது புத்தகம்தான்.

உயர்தர வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்த சேர், எந்த நாவலுக்கும் கதைச் சுருக்கம் கேட்டதே இல்லை. “இந்த அதிகாரத்திலை பார்க்கிறது ஆர்?” இதுதான் அவருடைய கேள்வி. ஃபாஸ்ட்டை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் அதுவே. சரித்திர நாவலில் கண் யாருடையது என்ற வினாவுக்கு ஃபாஸ்ட் அளவுக்குத் தெளிவான விடையும், அதே அளவுக்குத் தெளிவான சறுக்கலும் தருகிற எழுத்தாளர் குறைவு.

முறை இதுதான். ஒரு புல்ஸ்காப் தாளில் நான்கு நிரல் கீறவேண்டும். முதலாவதில் பகுதி இலக்கம். இரண்டாவதில் பார்ப்பவர் பெயர். மூன்றாவதில் அவர் கண்டதும் கேட்டதும். நான்காவதில், எதிரே இருந்தும் அவர் கண்ணில் படாமற் போனது. முதல் மூன்றையும் எவரும் நிரப்பிவிடலாம். நான்காவதில்தான் நாவலாசிரியருடைய வேலை ஒளிந்திருக்கிறது.

‘ஸ்பார்ட்டகஸ்’ நாவலுக்கு எட்டுப் பகுதிகள். தொடங்கும்போதே கிளர்ச்சி முடிந்துவிட்டது. கி.மு. 73இல் கப்புவா நகரத்து வாட்போர்ப் பள்ளியிலிருந்து எழுபது சொச்சம் பேர், சமையலறைக் கத்திகளோடும் இறைச்சி வாட்டும் கம்பிகளோடும் தப்பி ஓடினார்கள் என்கிறார் பண்டைய வரலாற்றாசிரியர் புளூட்டாக். கி.மு. 71இல் ரோமத் தளபதி கிராசஸ் அவர்களை ஒடுக்கினான். பிடிபட்ட 6,000 பேரை கப்புவாவிலிருந்து ரோம் வரை வீதி நெடுகச் சிலுவையில் அறைந்தான். நாவல் பிடித்துக்கொள்வது அந்த வீதியை. மே மாதம், வசதியான மூன்று இளம் ரோமர்கள், கையுஸ், அவனுடைய சகோதரி ஹெலினா, தோழி குளோடியா, கப்புவாவுக்கு உல்லாசப் பயணம் போகிறார்கள். சேர் இங்கே ஒரு கணக்கும் கொடுப்பார். ஏறத்தாழ 200 கிலோமீற்றர் வீதியில் 6,000 சிலுவை என்றால் எத்தனை மீற்றருக்கு ஒன்று? முப்பது முப்பத்தைந்து மீற்றர் வரும். ஒன்றைக் கடந்ததும் அடுத்தது கண்ணுக்குத் தெரியும் தூரம். அந்தக் கணக்கைச் செய்த பிறகு முதற் பகுதியை வாசிப்பது வேறு அனுபவம்.

அடுத்து வருபவர்கள் எல்லோரும் பகைவர்கள், அல்லது பகைவர் பக்கத்தில் இருப்பவர்கள். வாட்போர்ப் பள்ளி நடத்திய பத்தியாத்துஸ், தான் வாங்கி விற்ற பண்டமாக ஸ்பார்ட்டகஸைச் சொல்கிறான். கிராசஸ் தன்னை அலைக்கழித்த எதிரியாகச் சொல்கிறான். ரோமின் பேச்சாளரும் எழுத்தாளருமான சிசரோவுக்கு அது எழுதத்தக்க ஒரு விடயம். ஃபாஸ்ட் கற்பனையாகப் படைத்த கிழட்டு அரசியல்வாதி கிராக்குஸ், ரோமின் அழுகலை நன்றாக அறிந்தவன், ஒருபோதும் நேரில் காணாத மனிதனிடம் தன் வாழ்வு தோற்றுவிட்டதை உணர்கிறான். ஸ்பார்ட்டகஸின் மனைவி வாரினியாவைக் கைப்பற்றிய கிராசஸ் அவளிடம் அன்பை எதிர்பார்த்து நிற்கும் பக்கங்களில் நான்காம் நிரல் நிரம்பி வழியும். எல்லாம் கிடைத்தவனுக்குத் தனக்கு ஏன் இது மட்டும் கிடைக்கவில்லை என்று விளங்கவே இல்லை.

சறுக்கும் இடங்களும் இருக்கின்றன. நூபியப் பாலைவனத்துத் தங்கச் சுரங்கத்தில் ஸ்பார்ட்டகஸ் பட்ட பாட்டைச் சொல்லும் பகுதி பத்தியாத்துஸின் பேச்சிலிருந்து கிளம்புகிறது. ஆனால் அவன் கண்டிருக்கவே முடியாதவற்றுக்குள் போய்விடுகிறது. கடைசி வாட்போர் வீரன் தாவீது சிலுவையில் சாகும்போதும் கதை அவன் தலைக்குள் இறங்குகிறது. முறைப்படி இரண்டும் விதிமீறல். எங்களைக் கேட்டால், புத்தகத்தின் ஆகச் சிறந்த எழுத்தும் இவ்விரண்டு இடங்களில்தான் இருக்கிறது. சேர் அதை ஒப்புக்கொண்டதில்லை.

உண்மையான பலவீனம் வேறொன்று. நாவலில் ஸ்பார்ட்டகஸ் மூன்று தலைமுறை அடிமை. பழைய ஆதாரங்களில் அவன் திரேசிய நாட்டவன். முன்பு ரோமப் படையில் கூலிக்குச் சேவித்துப் பின் ஓடியவன் என்று ரோம வரலாற்றாசிரியர் புளோருஸ் எழுதுகிறார். அப்படியானால் ரோமப் படைகளை ஒன்றன்பின் ஒன்றாக அவன் தோற்கடித்ததற்கு ஒரு விளக்கம் உண்டு: படைநடத்தல் பழகியவன். பிறவி அடிமையாக மாற்றியபோது ஃபாஸ்ட் தன் கருத்துக்கு வலுச் சேர்த்தார், அந்த விளக்கத்தை இழந்தார். அடிமையாகவே பிறந்து வளர்ந்தவனுக்கு அணிவகுப்பும் முற்றுகையும் எப்படிக் கைவந்தன என்பதற்கு நாவலில் போதிய பதில் இல்லை.

நாயகனைப் பகைவன் கண்ணால் காட்டும் வித்தையை ஃபாஸ்ட் பத்து வருடங்களுக்கு முன்பு ஒரு தோல்வியில் கற்றார். 1878 செப்டெம்பரில் வட செயென் என்ற அமெரிக்கப் பூர்வகுடியினர் முந்நூறு பேரளவில், தங்களை அடைத்துவைத்திருந்த ஒக்லஹோமா ஒதுக்கிடத்தை விட்டு வடக்கே சொந்த மண்ணுக்கு நடக்கத் தொடங்கினார்கள். குழந்தைகளும் கிழவர்களும் உட்பட. பின்னால் குதிரைப்படை. லிட்டில் வூல்ஃப், டல் நைஃப் என்ற இரு தலைவர்களும் வழியில் பிரிந்தார்கள். டல் நைஃப்பின் கூட்டம் நெப்ராஸ்காவில் ரொபின்சன் கோட்டையில் அடைபட்டு, 1879 ஜனவரிப் பனியில் உடைத்துக்கொண்டு ஓடிச் சுடப்பட்டது. லிட்டில் வூல்ஃப்பின் கூட்டம் மொன்டானா போய்ச் சேர்ந்தது. ஃபாஸ்ட் ஒக்லஹோமாவுக்கே போய் விசாரித்து, முதற் பிரதியைச் செயென் தலைவர் பக்கமிருந்து எழுதினார். பதிப்பகம் நிராகரித்தது. வேறொரு பதிப்பாளர் சொன்ன யோசனையின்படி அதைத் தூக்கி எறிந்துவிட்டு, துரத்திய வெள்ளையர் பக்கமிருந்து முழுவதும் புதிதாக எழுதினார். 1941இல் ‘த லாஸ்ட் ஃப்ரொன்டியர்’ வந்தது.

முதற் பிரதி ஏன் நிற்கவில்லை என்பது விளங்கக்கூடியதே. மொழி தெரியாத, வாழ்க்கை முறை தெரியாத மக்களின் மனத்துக்குள் நுழைந்தால் எழுத்தாளன் தன் மனத்தைத்தான் அங்கே வைப்பான். வெளியே நின்றால், கண்டதைச் சொன்னால் போதும்: அணைந்த அடுப்பு, குதிரைக் குளம்பு, பனியில் கிடக்கும் போர்வை. துரத்துகிறவன் மெல்ல மெல்லத் தான் செய்வதைப் புரிந்துகொள்வதே கதை ஆகிவிடுகிறது. ஃபாஸ்ட்டில் முதலில் எதை வாசிப்பது என்று கேட்பவருக்கு எங்கள் விடை இந்தப் புத்தகம்தான். ‘ஸ்பார்ட்டகஸ்’ அதற்குப் பிறகு.

அவர் பிறந்தது 1914 நவம்பர் 11, நியூயோர்க். குடியேறி வந்த யூதத் தொழிலாளர் குடும்பம். சின்ன வயதிலேயே தாய் இறந்தார். அண்ணனும் அவரும் பத்திரிகை விற்றார்கள். நியூயோர்க் பொது நூலகத்தில் சில்லறை வேலை பார்த்தபோதுதான் வாசிப்புப் பிடித்தது. 1933இல், பதினெட்டு வயதில், முதல் நாவல் அச்சேறியது. 1943இல் ‘சிற்றிசன் ரொம் பெயின்’, 1944இல் ‘ஃப்ரீடம் றோட்’ இரண்டும் பெயர் வாங்கிக்கொடுத்தன. பின்னது, உள்நாட்டுப் போருக்குப் பின் தென் கரோலினாவில் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் 1868 அரசியலமைப்பு மாநாட்டில் அமர்ந்ததையும், 1877இல் கூட்டாட்சிப் படை விலக்கப்பட்டதும் அவர்கள் கைவிடப்பட்டதையும் சொல்வது. விடயம் பெரிது, ஆனால் நாயகன் கிடியன் ஜாக்சன் குறையே இல்லாதவன், அதனால் நான்காம் நிரல் வெறுமையாகக் கிடக்கும். ‘சிற்றிசன் ரொம் பெயின்’ நாவலில் அமெரிக்கப் புரட்சிக்கால எழுத்தாளன் பெயின் குடிப்பான், அழுக்காக இருப்பான், நண்பரை இழப்பான். அதனால் உயிர் இருக்கிறது. நியூயோர்க் நகரக் கல்விச் சபை 1947இல் பள்ளி நூலகங்களிலிருந்து அகற்றியதும் இந்தப் புத்தகத்தைத்தான்.

1945இல் போர்ச் செய்தியாளராகக் கல்கத்தாவுக்கும் வந்தார். முப்பது இலட்சம் பேர் வரை பலிகொண்டதாக மதிப்பிடப்படும் 1943 வங்காளப் பஞ்சத்தின் கதை அங்கே அவர் காதில் விழுந்தது. 1988இல் எழுதிய ‘த பிளெட்ஜ்’ நாவல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதிகம் பேசப்படாத நூல். தெற்காசியர் தேடிப் படிக்கத்தக்கது.

1943இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் தோற்று பிரான்ஸுக்கு ஓடிய குடியரசு வீரர்களுக்கு மருத்துவமனை நடத்தப் பணம் சேர்த்த குழுவில் இருந்தார். கொடுத்தவர்களின் பெயர்ப்பட்டியலைக் காங்கிரஸ் விசாரணைக் குழு கேட்டது. கொடுக்க மறுத்ததற்காக 1950இல் மேற்கு வேர்ஜீனியாவின் மில் பொயின்ட் சிறையில் மூன்று மாதம். ‘ஸ்பார்ட்டகஸ்’ மனதில் உருக்கொண்டது அங்கே. வெளியே வந்து எழுதி முடித்தார். கடவுச்சீட்டு மறுக்கப்பட்டிருந்ததால் இத்தாலிக்குப் போய் இடம் பார்க்க வழியில்லை.

அடுத்தது பதிப்பு. பொஸ்டனில் லிட்டில் பிறவுண் நிறுவனத்தின் ஆசிரியர் ஏங்கஸ் கமரன் விரும்பி ஏற்றார், அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் தலையீட்டால் நிறுவனம் பின்வாங்கியது என்று ஃபாஸ்ட் பின்னாளில் எழுதினார். மேலும் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. டபிள்டே நிறுவனமும் மறுத்தபோது, அதன் புத்தகக் கடைகளைக் கவனித்த ஜோர்ஜ் ஹெக்ட், “நீரே அச்சிடும், 600 பிரதி நான் எடுக்கிறேன்” என்ற கருத்துப்படத் தொலைபேசியில் சொன்னார். 1951இல் ஃபாஸ்ட் தன் கைப்பணத்தில் அச்சிட்டார். கெட்டி அட்டைப் பதிப்பு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல் விற்றது. புத்தகம் வெளியிடுவதைப் பற்றி எங்கள் பழைய மாணவர் மலர்க் குழுவில் யோசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: எழுதியது எவ்வளவு நன்றாக இருந்தாலும், அச்சுக்குப் போகுமுன் கையில் இருந்த அந்த 600 பிரதிக் கட்டளைதான் துணிச்சல் கொடுத்தது.

1953இல் கம்யூனிஸ்டுகளைத் தேடிய செனட்டர் மக்கார்த்தியின் விசாரணையில் அவரை அழைத்து, அமெரிக்க அரசின் வெளிநாட்டு நூலகங்களில் அவர் புத்தகம் எப்படி வந்தது என்று கேட்டார்கள், அவை அகற்றப்பட்டன. அதே ஆண்டு ஸ்டாலின் சமாதானப் பரிசு கிடைத்தது. 1956இல் ஸ்டாலின் காலத்துக் குற்றங்களைச் சோவியத் தலைவர் குருஷ்சேவ் வெளிப்படுத்திய பிறகு கட்சியை விட்டார். அதைச் சொல்லும் ‘த நேக்கட் கொட்’ 1957இல் வந்தது. சோவியத் நாட்டில் மிகப் பரவலாக வாசிக்கப்பட்டவர் அங்கேயும் வேண்டாதவரானார்.

இ.வி. கனிங்ஹாம் என்ற புனைபெயரில் துப்பறியும் நாவல்களும் எழுதினார். பெவர்லி ஹில்ஸில் ஜப்பானிய அமெரிக்கப் பொலிஸ்காரர் மசாவோ மசுத்தோவை வைத்து எழுதியவை பயணத்தில் வாசிக்க ஏற்றவை. 1977இல் தொடங்கிய ‘த இமிகிரன்ட்ஸ்’ வரிசை நன்றாக விற்றது. எங்களுக்கு அதில் பெரிய ஈடுபாடில்லை. பக்கம் ஓடும், கண் மாறாது. 2003 மார்ச் 12இல் கனெக்டிகட் மாநிலத்தில் காலமானார்.

அமெரிக்காவில் இருக்கும் எங்கள் பழைய மாணவர்களின் பிள்ளைகள் பலருக்குப் பள்ளியில் கொடுக்கப்படும் நாவல் ‘ஏப்ரல் மோர்னிங்’, 1961. பிள்ளைக்கு உதவ நினைக்கும் பெற்றாருக்கு ஒரு குறிப்பு. அமெரிக்க விடுதலைப் போரின் முதல் மோதல் நடந்த நாளைச் சொல்லும் கதை இது, 1775 ஏப்ரல் 18 பிற்பகலில் தொடங்கி மறுநாள் மாலையில் முடியும். எட்டு அதிகாரங்கள், தலைப்புகள் பொழுதின் பெயர்கள்: பிற்பகல், மாலை, இரவு, காலை, முற்பகல், நடுப்பகல், மறுபடியும் பிற்பகல், மாலை. பார்ப்பவன் பதினைந்து வயது ஆடம் கூப்பர் ஒருவனே, ஆகவே இரண்டாம் நிரல் ஒரே பெயர்தான். லெக்சிங்டன் திடலில் எட்டுப் பேர் செத்த அந்தக் காலையில் அவன் தகப்பன் மோசஸும் விழுகிறார். முதல் வேட்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது வரலாற்றிலும் தீராத கேள்வி. பையனுக்கும் தெரியாது, ஃபாஸ்ட்டும் சொல்வதில்லை. காலை அதிகாரத்தை வாசித்து முடித்ததும் பிள்ளையைக் கொண்டு நான்காம் நிரலை எழுதுவியுங்கள். பிற்பகல் அதிகாரத்தில் தகப்பனும் மகனும் பேசிக்கொள்ளும் பக்கங்களை அதன் பிறகு திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். பள்ளியில் கேட்கும் கட்டுரைக்கு வேண்டியதில் பாதி அங்கே கிடைக்கும்.